சால்வை போர்த்தும் கைகளே, பதில் சொல்லுங்கள்!



தேர்வு முடிவு வந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் குற்றால சீசனுக்கு முன்னாலேயே நமக்கு இன்னொரு சீசன் தொடங்கிவிடுகிறது. பாராட்டு விழா சீசன்! மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-இல் அரசே நிறுத்திவிட்டது. நாம் நிறுத்தவில்லை. மஹல்லாவில் முதலிடம், தெருவில் முதலிடம் என்று தேடிப் பிடித்துக் கேடயம் கொடுக்கிறோம். கொடுக்கட்டும், பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள். அந்த மேடைகளில் துஆச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

போன வருஷம் ஒரு பெண்கள் பள்ளி விழாவுக்குப் போயிருந்தேன். கணக்கில் முதல் மதிப்பெண் என்று ஒரு பெயரை வாசித்தார்கள். மேடையேறியது அந்தப் பிள்ளையல்ல, பிளஸ் ஒன் படிக்கும் அவள் தங்கை. "அக்கா எங்கேம்மா?" என்று தலைமையாசிரியை கேட்டார். "நிக்காஹ் ஆயிட்டு டீச்சர்" என்றாள். அரங்கம் கைதட்டியது. எனக்குத்தான் கை எழவில்லை. ஏன் தெரியுமா? மே மாதத்தில் அந்த நிக்காஹ்வுக்குக் குத்பா ஓதியவன் நான்! பதினெட்டு நிறைந்து சில வாரங்களே ஆன பெண். மஹர் எவ்வளவு என்று கேட்டேன். கைக்கூலி வாங்கவில்லையே என்று கேட்டேன். மேற்படிப்பு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை! பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

2023 செப்டம்பர் 2. சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய முதல் விண்கலமான ஆதித்யா எல்-1 புறப்பட்டது. திட்ட இயக்குநர் நம் செங்கோட்டையின் மகள் நிகர் ஷாஜி! 2024 ஜனவரி 6-இல் பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அது தன் சுற்றுப்பாதையை அடைந்தபோது, நாம் மார்தட்டாத இடமில்லை. அந்தப் பெருமையில் நம் பங்கு எவ்வளவு? அவரை ஆளாக்கியது செங்கோட்டை பெண்கள் பள்ளி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, அனுப்பி வைத்த பெற்றோர். 1987-இல் அவர் இஸ்ரோவில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மகளைப் பொறியியலுக்கு அனுப்பிய தகப்பன்மார்களை ஊர் என்ன பேச்சுப் பேசியது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

"ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற இடத்துக்கு எப்படி ஹஜ்ரத் அனுப்புறது?" என்பார்கள். குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறதே! தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். கோயில் நிர்வாகம் 1964-இல் தொடங்கியது. கோயில் வருமானத்தில் பெண்களுக்கு ஒரு கல்லூரி எழுந்து 60 ஆண்டுகள் தாண்டிவிட்டன. நம் வக்ஃபுக் கடைகளின் வாடகை எந்தக் கல்லூரி வாசலுக்குப் போனது? கீழக்கரையில் நம்மவர்கள் 1988-இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியைத் தொடங்கிக் காட்டினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

"வசதி இல்லை" என்பது அடுத்த சாக்கு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் என்ற புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. எத்தனை பள்ளிவாசல் பலகையில் அதை எழுதிப் போட்டோம்? 2007-இல் போராடிப் பெற்ற 3.5 சதவிகித இடஒதுக்கீட்டில் உட்கார நம் பெண்கள் வேண்டாமா?

கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்ற நபிமொழியில் 'முஸ்லிமான பெண்ணுக்கும்' என்ற சொல் இல்லை என்று என்னிடமே வாதம் செய்தவர்கள் உண்டு. இல்லைதான், மதரஸாவில் நானும் ஓதியிருக்கிறேன். தொழுகை கடமை, நோன்பு கடமை என்னும்போது மட்டும் பெண் அதில் அடங்குவாள், கல்வி என்றால் அடங்க மாட்டாளா? மதீனாவில் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி!

நிக்காஹ் நடக்கட்டும், யார் தடுத்தது? படிப்பைத் தொடர விட வேண்டும் என்று மணமகள் தரப்பு நிபந்தனை வைக்கலாமே! நிக்காஹ் நிபந்தனைகளை நிறைவேற்றுவதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது ஆலிம்களுக்குத் தெரியாததல்ல. தஃப்தரில் மஹருக்குப் பக்கத்தில் அதையும் ஒரு வரி எழுதுங்கள். அப்படிப் பேசாத நிக்காஹ்வுக்கு இனி குத்பா ஓதுவதில்லை என்று நான் முடிவு செய்திருக்கிறேன். எங்கள் ஜமாஅத்தில் சிலருக்கு இதில் வருத்தம்தான். இருக்கட்டும்.

மேடையேறிய அந்தத் தங்கை இப்போது பிளஸ் டூ. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம். வரும் ஜும்ஆ முடிந்ததும் அவள் அத்தாவைப் பார்க்கப் போகிறேன். மஹல்லாவிலிருந்து நாலு பேர் கூட வந்தால் நல்லது.