பச்சையும் பசுமையும்

தீபாவளி இரவில் சிறுவர் கொளுத்தும் வண்ணத் தீப்பெட்டியில் ஒரு குச்சி சிவப்பாகவும் மற்றொரு குச்சி பச்சையாகவும் ஒளிவிடும். சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்சியம். பச்சையைத் தருவது பேரியம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் பேரியம் நைட்ரேட் நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. நிறத்திற்காக மட்டுமன்று, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தரும் பொருளாகவும் அது விளங்கியது. கம்பி மத்தாப்பின் பொறிகளுக்குப் பின்னும் அதுவே இருந்தது. அந்தப் பேரியத்தை 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. உமிழ்வு குறைந்த பட்டாசுகளையும் ‘கிரீன் கிராக்கர்’ எனப்பட்டவற்றையும் மட்டுமே தயாரிக்கலாம், விற்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. பச்சை ஒளி தந்த பொருள் விலக்கப்பட்ட பின்னரே பட்டாசு ‘கிரீன்’ ஆயிற்று! இச்சொல்லுக்குப் பச்சை நிறம் என்ற ஒரு பொருளை மட்டும் அறிந்தவர் இவ்விடத்தில் திகைக்கவே செய்வர்.

‘கிரீன்’ ஆங்கிலத்தில் மிகப் பழைய சொல். வளர்தலைக் குறிக்கும் சொல்லும் புல்லைக் குறிக்கும் சொல்லும் அதற்கு உறவு. வளர்வது பசியது, பசியது இளையது, இளையது பழுக்காதது. இவ்வழியே சென்ற அச்சொல், கனியாத காயையும், உலராத மரத்தையும், சூளையில் வேகாத செங்கல்லையும், தொழில் பழகாத ஆளையும் குறிக்கலாயிற்று. ஊர்ப் பொதுப் புல்வெளிக்கும் அதுவே பெயர். பொறாமை கொண்டவரின் முகத்திற்கும் ஆங்கிலேயர் அந்நிறத்தையே பூசினர். தமிழரோ பொறாமையை வயிற்றெரிச்சல் என்று நெருப்பின்பால் சேர்த்தனர். பள்ளி ஆண்டுவிழாவில் நடிகர் ஒப்பனை செய்யும் ‘கிரீன் ரூம்’ எந்த நிறத்திலும் இருக்கலாம்.

தமிழ் இவ்வழியைத் தானே நடந்து கண்டிருக்கிறது. பச்சைக் காய், பச்சை மரம், பச்சைச் செங்கல் என்பவை ஆங்கில வழக்கோடு அப்படியே பொருந்துகின்றன. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியதன்று. பச்சைத் தண்ணீர் காய்ச்சாத நீர். பச்சை உடம்பு பிள்ளை பெற்றவளின் உடம்பு. பச்சைப் பொய் என்பதற்கோ ஆங்கிலத்தில் இணை இல்லை. பசும்பொன்னில் பச்சை நிறமே கிடையாது. பசலை பிரிவால் வாடிய மேனியின் நிறமாற்றம். பசுமை என்னும் பண்புப்பெயர் பைங்கூழ் என்றும் பாசடை என்றும் திரியும் விதிகளை மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். அச்சொல் இத்தனை இடங்களில் தழைத்திருப்பதை எண்ணிப் பார்ப்பது குறைவு. வள்ளுவர் சுடாத மண்பாண்டத்தைப் பசுமட்கலம் என்கிறார். வஞ்சனையால் ஈட்டிய பொருளைக் காக்க முயல்வது அக்கலத்தில் நீரை ஊற்றி வைப்பது போன்றது என்பது அவர் கருத்து. ‘பசு’ என்னும் அடை அங்கே வளத்தைச் சுட்டவில்லை, உறுதியின்மையைச் சுட்டுகிறது.

ஒரு சொல் பல பொருள் தருதல் மொழிக்குக் குறையன்று. தொல்காப்பியர் அதனை இலக்கணமாகவே வகுத்தார். உடன்வரும் வினையால் பொருள் தெளிவாகும் சொற்களுக்கு உரையாசிரியர்கள் ‘மா’ என்பதை எடுத்துக்காட்டுவர். மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. ஐயம் எழவே இடமில்லை. ஆனால் ‘கிரீன் கிராக்கர்’ என்னும் தொடரில் பொருளைக் கட்டிநிறுத்தும் வினை எதுவும் இல்லை. கேட்பவர் தம் மனத்திலுள்ள பொருளை அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். வணிகத்திற்கு இது மிக வசதியானது.

சுற்றுச்சூழலைக் குறிக்கும் பொருள் அச்சொல்லுக்குப் பிற்காலத்தில் வலுப்பெற்றது. ‘கிரீன்பீஸ்’ இயக்கம் 1971இல் தோன்றியது. மேற்கு ஜெர்மனியில் பசுமைக் கட்சி 1980இல் அமைந்தது. அதற்குச் சற்று முன்னர், 1968இல், அமெரிக்க அதிகாரி வில்லியம் காட் ‘கிரீன் ரெவல்யூஷன்’ என்ற தொடரை வழங்கினார். தமிழில் அது பசுமைப் புரட்சி ஆயிற்று. வீரிய விதையும் இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் சேர்ந்து விளைவித்த பசுமை அது. இன்று இயற்கை வேளாண்மை பேசுவோர் அந்தப் பசுமையையே குறை கூறி, வேறொரு பசுமையை வேண்டுகின்றனர். ஒரே சொல் எதிரெதிர் அணிகளின் கொடியாக இருப்பதை இங்கே காணலாம்.

இப்பின்னணியில்தான் ‘பசுமைப் பட்டாசு’ என்னும் தமிழாக்கத்தை நோக்க வேண்டும். பச்சைப் பட்டாசு என்று பெயர்க்காமல் விட்டவர் மொழியறிவு உடையவரே. பச்சை நிறத்திற்கு, பசுமை சூழலுக்கு என்று தமிழ் பிரித்துக்கொண்டதால், ஆங்கிலத்தில் உள்ள ஒரு குழப்பம் தமிழில் இல்லை. எனினும் வேறொரு குழப்பம் நுழைந்துவிட்டது. பசுமை என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது வயலும் சோலையும் குளிர்ச்சியும். பட்டாசின் புகையில் இவற்றுள் எதுவும் இல்லை.

நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) உருவாக்கிய இப்பட்டாசுகள் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என மூவகை. முதல்வகை வெடிக்கும்போது நீராவியை வெளியிட்டுத் தூசியை அடக்கும். மூன்றாம் வகையில் அலுமினியத்தின் அளவு குறைவு. வழக்கமான பட்டாசைவிடத் துகள் மாசு ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும் என்பது ஆய்வாளர் கணக்கு. இது மதிக்கத்தக்க முயற்சி. ஆயினும் மீதி எழுபது பங்கு காற்றில்தான் கலக்கிறது. 2015இல் இவ்வழக்கு தில்லியில் மூன்று பச்சிளங்குழந்தைகளின் பெயரால் தொடுக்கப்பட்டது. அவர்களின் நுரையீரல் அறிவது அந்த எழுபதையே. பச்சிளமை என்பதிலும் அதே வேர்ச்சொல் இருப்பது தற்செயல்தான்; ஆனால் பொருத்தமானது.

பெயரின் கவர்ச்சி தவறான பயன்பாட்டுக்கும் வழிவிட்டது. தடைசெய்யப்பட்ட பேரியம் பட்டாசுகளில் இருப்பதாகச் சி.பி.ஐ. அறிக்கை அளித்ததையடுத்து, உறையில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக விற்பதை 2021இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பசுமட்கலத்து நீரை இங்கே நினையாமல் இருக்க இயலாது. விதிப்படி நடக்கும் ஆலைகள் பல உண்டு. பிறர் செய்த பிழையின் பழி அவற்றின் மீதும் விழுகிறது. சொல் மங்கும்போது நேர்மையானவருக்கே இழப்பு மிகுதி.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பசுமை என்பது புகையைப் பற்றிய சொல். செய்பவர் உயிரைப் பற்றியதன்று. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். ‘பசுமைப் பட்டாசு’ என்ற பெயர் புழக்கத்திற்கு வந்த பின்னர், 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பல உயிர்கள் பறிபோயின. கலவை அறையில் உராய்வும் வெப்பமும் பெயர்ச்சீட்டைப் படித்துப் பார்ப்பதில்லை. தொழிலாளர் அக்கலவையை ‘மருந்து’ என்றே அழைக்கின்றனர். நோய் தீர்ப்பதற்கும் உயிர் பறிப்பதற்கும் தமிழில் அச்சொல் பொதுவாக நிற்பது கொடிய முரண். மருந்து என்று பழகிய சொல்லோடு பசுமை என்னும் இனிய சொல்லும் சேரும்போது, எச்சரிக்கை மேலும் மெலிவடையும்.

கரிசல் நிலத்தில் மழையை நம்பி வாழ முடியாத மக்களுக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் சோறிட்டன. சந்தையில் நல்ல பெயர் இல்லாவிடில் தொழில் நலியும், பசுமை என்ற சொல்லே ஆலைகளின் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று வாதிடுவர் சிலர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் உண்மையான பெயரும் அத்தீர்ப்பிலேயே இருக்கிறது. உமிழ்வு குறைந்த பட்டாசு என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனை ஒட்டி ‘மாசு குறைந்த பட்டாசு’ என்று வழங்கினால் எழுத்துகள் சில கூடும், ஏமாற்றம் குறையும். குறைந்த என்பதைக் கேட்பவர், எவ்வளவு குறைந்தது என்று அடுத்த வினாவைக் கேட்பார். பசுமை அவ்வினாவை எழவே விடுவதில்லை.

உறைகளில் ‘கிரீன்’ என ஆங்கிலத்தில் அச்சிட்ட முத்திரைக்குக் கீழே, மாசு குறைந்ததேயன்றி மாசற்றது அன்று எனத் தமிழில் ஒரு வரி சேர்க்கலாம். ஆலைச் சுவரில், இங்குள்ள மருந்து எவ்வகையாயினும் வெடிக்கும் என மற்றொரு வரி எழுதலாம். இதற்கு ஆகும் செலவு அச்சுத்தகடு ஒன்றும் சிறிது வண்ணமும். சிவகாசியில் அச்சகத்திற்குப் பஞ்சமில்லை.