வெட்டினால் வளரும், பூக்குமா?

டேராடூனுக்கு வந்து ஆறு வருஷமாச்சு. கோவில்பட்டிக்காரனான எனக்கு ரோஜா என்றால் மண்தொட்டியில் நிற்கும் பன்னீர் ரோஜாதான். இங்கே வந்த முதல் மார்ச்சில் வீட்டு வாசல் இரும்பு வளைவு முழுக்க, இலையே தெரியாமல், சட்டைப் பொத்தான் அளவு மஞ்சள் பூக்களைப் பார்த்து அசந்துபோனேன். பேங்க்ஸியா கொடி ரோஜா. வீட்டுக்காரரின் மறைந்த மனைவி வைத்தது. பூக்கும் நாட்களில் பெரியவர் வளைவுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

இந்த வருஷம் நாற்காலி வெளியே வரவில்லை. பூவே இல்லை.

காரணம், போன அக்டோபரில் நடந்த கவாத்து. மாலி மற்ற ரோஜாச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிய கையோடு, இதையும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே "வெட்டினால் நல்லா வரும்" என்று தலையாட்டியவன் நான்தான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். புதர் ரோஜா புதுத் தளிரில் பூக்கும். வெட்ட வெட்ட நல்லது. பேங்க்ஸியா அப்படியில்லை. இரண்டு, மூன்று வருஷம் முதிர்ந்த தண்டின் பக்கக் கிளைகளில், வருஷத்துக்கு ஒரே முறை பூக்கும். அக்டோபரில் வெட்டினால் வரப்போகும் பூவை வெட்டுகிறோம். பூத்து முடிந்ததும் காய்ந்ததையும், மிகப் பழைய தண்டு ஒன்றிரண்டையும் அடியோடு எடுத்தால் போதும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூம்ஸ்டோனில் 1885-இல் நட்ட வெள்ளை பேங்க்ஸியா ஒன்று இன்றும் பெரிய பந்தலை மூடி நிற்கிறது. உலகிலேயே பெரிய ரோஜா என்று கின்னஸில் இடம்பிடித்தது அது.

வருஷம் முழுக்கப் பூக்கும் மற்ற கொடி ரோஜாக்களுக்குக் கவாத்து உண்டு. அங்கேயும் நீளத் தண்டுகளை விட்டுவிட்டு, பூத்த பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு நறுக்க வேண்டும். அதைவிட முக்கியம், கட்டுவது. தண்டு நேராக நின்றால் நுனி மொட்டு கீழே இருக்கும் மொட்டுகளை அடக்கிவைக்கும். உச்சியில் மட்டும் நாலு பூ. தண்டைச் சாய்த்துப் படுக்கவைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர்க்கும். பாகற்கொடி மாதிரி பற்றுக்கம்பி ரோஜாவுக்குக் கிடையாது. பேங்க்ஸியாவுக்கு முள்கூட அநேகமாக இல்லை. நாம்தான் கட்டவேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம், தண்டை அறுத்துவிடும். சணல் கயிற்றைத் தளர்வாக, எட்டுப் போட்டுக் கட்டுங்கள்.

மாலியைத் திட்டலாமா? என் கட்சி வேறு. ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குகிறவர் அவர். தரையில் குவிந்த கிளையைப் பார்த்தால்தான் வேலை நடந்தது என்று நமக்குத் திருப்தி. ஒரு மணி நேரம் நின்று தண்டு தண்டாகக் கட்டினால், "என்ன செய்தாய்?" என்று கேட்போம். வெட்டுவதற்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டு, பூ எங்கே என்று கேட்பது நியாயமில்லை.

ஏப்ரலில் மாலியும் நானும் ஏணி போட்டுப் புதுத் தண்டுகளைக் கட்டினோம். அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனிக் கூலி. அடுத்த மார்ச்சில் கொஞ்சம் பூக்கலாம். வளைவு நிறைய இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆகும். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "கோயி பாத் நஹி, பேட்டா" என்றார். அவருக்கு வயது எண்பத்திரண்டு. அதுதான் உறுத்துகிறது.