மருத்துவக் கனவும் துணைப்பாடச் சான்றும்

அமெரிக்காவில் 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் கையொப்பமிட்ட வரி மற்றும் செலவினச் சட்டம், மருத்துவ மாணவர்கள் அந்நாட்டு மத்திய அரசிடம் பெறும் கல்விக் கடனுக்கு உச்சவரம்பு விதித்துள்ளது. ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தத்தில் 2 லட்சம் டாலர் என்பதே அந்த வரம்பு. செலவு முழுவதற்கும் கடன் பெற வழி தந்த 'கிராட் பிளஸ்' திட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு இல்லை. தனியார் மருத்துவப் பள்ளிகளிலோ நான்காண்டுச் செலவு 3 லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

இந்தச் சூழலில், மருத்துவப் பள்ளிக்கு முந்தைய பட்டப் படிப்பில் செலவிடப்படும் ஒவ்வொரு பருவமும் கணக்குப் பார்க்க வேண்டியதாகிறது. தமிழ்க் குடும்பங்கள் உள்பட அங்குள்ள பல வீடுகளில் எழும் ஒரு கேள்வியும் அதனால் கூர்மை பெறுகிறது: பாதி முடித்த 'மைனர்' எனும் துணைப்பாடத்தை முழுமையாக்குவதா, விட்டுவிடுவதா?

இங்கே பிளஸ் 2 முடித்து, நீட் தேர்வெழுதி, நேரே எம்.பி.பி.எஸ். சேரலாம். அங்கே நான்காண்டுப் பட்டம் பெற்ற பிறகே நான்காண்டு மருத்துவப் படிப்பு. 'பிரீ-மெட்' என்பது பட்டத்தின் பெயரன்று. மருத்துவம் பயிலும் நோக்கோடு படிப்பதைக் குறிக்கும் சொல். முதன்மைப் பாடம் எதுவாகவும் இருக்கலாம். உயிரியல், வேதியியல், இயற்பியல் உள்ளிட்ட தேவையான பாடங்களை ஆய்வகப் பயிற்சியோடு முடித்திருந்தால் போதும். நம் கல்லூரிகளின் 'அலைடு' பாடம் போல மைனர் பொதுவாகக் கட்டாயமன்று. ஒரே துறையில் ஐந்தாறு பாடங்களைப் படித்தால் பட்டத்தோடு அதுவும் பதிவாகும். அவ்வளவே.

அந்தப் பதிவுக்கு மருத்துவப் பள்ளிகள் தரும் மதிப்பு மிகச் சொற்பம் என்பதே என் கருத்து. அதைச் சேர்க்கைக்கான நிபந்தனையாக அவை கேட்பதில்லை. பொது விண்ணப்பத்தில் அது ஒரு வரியாக இடம்பெறும். ஆண்டுதோறும் 50,000-க்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்க, ஏறத்தாழ 23,000 பேர் சேர்கின்றனர். சேர்வோரின் சராசரி மதிப்பெண் புள்ளி 4-க்கு 3.7-ஐத் தாண்டுகிறது, 'எம்கேட்' நுழைவுத் தேர்வில் 528-க்கு சராசரி 511-ஐ ஒட்டியிருக்கிறது. மருத்துவமனைப் பணி, ஆய்வு, தொண்டு, பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல் ஆகியவையும் எடைபோடப்படுகின்றன. இவற்றுள் எதிலேனும் குறையிருந்தால் துணைப்பாடச் சான்று அதை ஈடுசெய்யாது.

மாறாக, அதுவே குறையை உண்டாக்கவும் கூடும். 100 கிரெடிட் முடித்து 3.80 புள்ளியோடு இருக்கும் மாணவர், மைனருக்காகத் தலா 3 கிரெடிட் கொண்ட இரு பாடங்களை எடுத்து இரண்டிலும் 'பி' பெறுகிறார் என்று கொள்வோம். அவரது சராசரி 3.75-க்கு இறங்கிவிடும். நூலிழையில் தேர்வுகள் முடிவாகும் இடத்தில் இது சிறிய இழப்பன்று.

பலரும் கவனிக்கத் தவறுவது கால அட்டவணையைத்தான். பட்டம் முடித்த கையோடு மருத்துவப் பள்ளியில் சேர விரும்புவோர், மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். மைனரின் இறுதிப் பாடங்களோ பெரும்பாலும் நான்காம் ஆண்டில் வருகின்றன. அவற்றில் பெறும் மதிப்பெண் விண்ணப்பம் அனுப்பும்போது இருக்காது. நேர்காணல்களுக்கு அலையும் மாதங்களில் கூடுதல் சுமையாக மட்டுமே அது அமையும். ஆகவே, 'சேர்க்கைக்கு உதவும்' என்று சொல்லி அதை முடிக்க வற்புறுத்துவது பொருளற்றது.

அப்படியானால் துணைப்பாடமே வீணா? இல்லை. சான்று வேறு, பாடம் வேறு. எம்கேட் தேர்வு 2015-இல் மாற்றியமைக்கப்பட்டபோது உளவியலும் சமூகவியலும் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டன. இலக்கியம், தத்துவம், சமூக அறிவியல் சார்ந்த பத்திகளைப் படித்துப் பகுத்தாயும் பகுதியும் அத்தேர்வில் உண்டு. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளி, இலக்கியம், வரலாறு போன்றவற்றைப் படிக்கும் மாணவர்களை எம்கேட் இன்றியே சேர்க்கும் திட்டத்தை 1987-இல் தொடங்கியது. அவ்வாறு சேர்ந்தவர்கள் மருத்துவப் படிப்பில் மற்றவர்களுக்கு இணையாக விளங்கியதாக 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயாளியின் வலியைக் கேட்டறியவும், மரணத்தின் முன் சொல்லத் தகுந்த சொல்லைத் தேடவும் வேதியியல் மட்டும் கற்றுத்தராது.

எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஸ்பானிஷ் மொழியை மைனராக எடுத்து, இரண்டு பாடங்கள் எஞ்சிய நிலையில் என்னிடம் யோசனை கேட்டாள். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கு மேல். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திராமல் நோயாளியிடம் அவர் மொழியிலேயே பேசும் மருத்துவர் எவ்வளவு பெரிய துணை! எஞ்சியவற்றுள் ஒன்று மருத்துவ உரையாடலுக்கான பேச்சுப் பயிற்சி. மற்றது எண்ணிக்கைக்காக எடுக்க வேண்டிய இலக்கண வரலாறு. முன்னதைப் படி, பின்னது உனக்கு விருப்பமில்லையெனில் விட்டுவிடு என்றேன். சான்று கிடைக்காதே என்று அவள் தந்தை வருந்தினார். மொழி கிடைக்குமே என்பதே என் பதில்.

அந்த வருத்தத்தின் வேர் எனக்குப் புரியாமலில்லை. சான்றிதழே நம்மில் பல குடும்பங்களைக் கரையேற்றியது. எடுத்ததைப் பாதியில் விடுவது தோல்வி என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால், ஏற்கெனவே செலவிட்ட உழைப்பு, இனியும் செலவிடுவதற்கான காரணமாகிவிடாது. படித்த நான்கு பாடங்களும் மதிப்பெண் பட்டியலில் இருக்கின்றன, அறிவிலும் இருக்கின்றன. விடப்படுவது ஒரு பட்டப் பெயர் மட்டுமே.

எனவே, முடிவெடுக்க மூன்று கேள்விகள் போதும். மைனர் என்ற பெயரே இல்லாவிட்டாலும் எஞ்சிய பாடங்களை விரும்பிப் படிப்பேனா? அவற்றுக்காக ஒரு பருவம் கூடுதலாகக் கட்டணம் செலுத்த நேருமா? மதிப்பெண்ணோ, மருத்துவமனைப் பணியோ, உறக்கமோ அதனால் பறிபோகுமா? முதல் கேள்விக்கு 'ஆம்', மற்ற இரண்டுக்கும் 'இல்லை' எனில் மகிழ்ச்சியோடு முடிக்கலாம். விடை வேறாக இருப்பின் தயக்கமின்றி விட்டுவிடலாம்.

கடனுக்கு வரம்பு வந்துவிட்ட காலத்தில், பெற்றோர் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. 'இன்னொன்றையும் முடித்துவிடேன்' என்று சொல்வதற்கு முன், அது யாருக்காக என்று ஒருமுறை தங்களையே கேட்டுக்கொள்வது.