உம்றாவோடு எகிப்து போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்



உம்றாவோடு எகிப்தையும் பார்த்து வருகிறோம். பிரமிட், அல்அஸ்ஹர், நைல் நதிப் படகு, கான் அல்கலீலி கடைத்தெரு, அத்தோடு பயணம் முடிந்துவிடுகிறது. சுயஸ் கால்வாய் பட்டியலில் இருப்பதில்லை. நாங்கள் கேட்டுத்தான் ஒரு நாளை வாங்கினோம். "அங்கே தண்ணீரும் கப்பலும்தானே?" என்றார்கள்.

அந்தத் தண்ணீரில் நமது சரித்திரமும் இருக்கிறது.

இஸ்மாயிலிய்யா கெய்ரோவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம். கால்வாயை வெட்டுவித்த பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ் வாழ்ந்த வீடு அங்கே உள்ளது. வடக்கே போர்ட் சயீதில் 1869இல் கட்டிய வெளிச்சவீடும், 1956இல் லெசெப்ஸின் சிலை வீழ்த்தப்பட்ட வெற்றுப் பீடமும் இருக்கின்றன. அங்கிருந்து போர்ட் ஃபுஆதுக்குப் பாதையில் ஏறினால் சில நிமிடங்களில் ஆபிரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்துவிடலாம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல புவியியல் பாடம் கிடையாது.

ஆனால் நாங்கள் சொல்ல வந்தது வேறு. 1859இல் தொடங்கிய வேலையின் ஆரம்ப ஆண்டுகளில் மண் வெட்டியவர்கள், ஊரூராகக் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட எகிப்திய விவசாயிகள். கால்வாய் திறந்து ஆறே வருடத்தில், 1875இல், கடனில் மூழ்கிய ஆட்சியாளர் இஸ்மாயில் தனது பங்குகளைப் பிரித்தானியாவுக்கு விற்றார். அந்நியர் பிடி இறுகியது. அதை எதிர்த்து எழுந்தவர்தான் இராணுவ அதிகாரி அஹ்மத் ஒறாபி பாஷா.

1882இல் கால்வாயை அடைத்துவிட ஒறாபிக்கு வாய்ப்பிருந்தது. அது நடுநிலையான வழி, பிரித்தானியர் அதைப் பயன்படுத்தமாட்டார்கள் என்று லெசெப்ஸ் உறுதி கூற, அவர் தாமதித்தார். பிரித்தானியப் படை அதே கால்வாய் வழியாக வந்து இஸ்மாயிலிய்யாவில் இறங்கியது. செப்டம்பர் 13இல் தல் அல்கபீரில் எல்லாம் முடிந்தது. ஒறாபியும் தோழர்கள் ஆறு பேரும் சுயஸ் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பு வந்து சேர்ந்தார்கள்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் போன்றோரின் முயற்சிக்கு அவர் துணை நின்றார். 1892இல் ஸாஹிரா உருவானது. இங்கே பதினெட்டு வருடங்களுக்கு மேல் வாழ்ந்து, 1901இல்தான் ஊர் திரும்பினார்.

வகுப்பில் சுயஸ் என்றால் "பயணத் தூரத்தைக் குறைத்த கால்வாய்" என்கிறோம். ஒறாபி என்றால் "கல்விக்கு உதவியவர்" என்கிறோம். இரண்டும் பரீட்சைக்குப் போதும். இரண்டையும் இணைக்கும் கதையை ஆசிரியர்களாகிய நாம்தான் சொல்லாமல் விட்டிருக்கிறோம். அடுத்தவர் வாக்கை நம்பித் தாமதித்ததன் விலை என்ன, தோற்று நாடிழந்து வந்த ஒருவரும் ஒரு சமூகத்துக்கு என்ன கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்தக் கதையில்தான் இருக்கிறது.

எகிப்து போகிறவர்கள் ஒரு நாளைக் கால்வாய்க்கு ஒதுக்குங்கள். போக வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கண்டியில் ஒறாபி பாஷா வாழ்ந்த வீடு நூதனசாலையாக இருக்கிறது. அடுத்த பாடசாலைச் சுற்றுலாவில் பஸ்ஸை ஒரு மணி நேரம் அங்கே நிறுத்துவோம். உலகப் படத்தையும் கையோடு கொண்டு போவோம்.