எலும்பை யாரு பாக்குறது?

எங்க ஊர் விருத்தாசலத்தைப் பத்தித் தெரியாதவங்களுக்காக ஒரு வரி. விருத்தகிரீஸ்வரர் கோயில், மணிமுத்தாறு, ரயில்வே ஜங்ஷன், அப்புறம் செராமிக். மணிமுத்தாத்துல அஸ்தியைப் போட்டா எலும்பெல்லாம் கூழாங்கல்லா மாறிடும்னு ஊர்ப் பெரியவங்க சொல்லுவாங்க. செத்த பிறகு எலும்பு கல்லாகுறது இருக்கட்டும். உயிரோட இருக்கும்போதே நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு எலும்பு உளுத்துப் போகுதே, அதைப் பத்தித்தான் இன்னிக்குக் கொஞ்சம் புலம்பப் போறேன்.

எங்க பெரியப்பா செராமிக் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனியில இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், அகல் விளக்கு, கொலு பொம்மைன்னு சீசனுக்குத் தகுந்த மாதிரி சரக்கு போகும். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் கல்லை மாவா அரைக்கிற இடத்துலதான் அவருக்கு வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் எல்லாம் வெள்ளையா இருக்கும். வாயில கட்ட ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. கூடவே பீடியும் உண்டு. அம்பது வயசுக்கு மேல மூச்சு இழுக்க ஆரம்பிச்சது.

ஒரு மார்கழியில ரொம்ப முடியாமப் போய், ஒரு டாக்டர் அஞ்சு நாளைக்கு மட்டும்னு ப்ரெட்னிசோலோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். குட்டியூண்டு வெள்ளை மாத்திரை. ரெண்டாம் நாளே பெரியப்பா எழுந்து உக்காந்து ரெண்டு தோசை கேட்டார்! அந்த டாக்டர் செஞ்சது சரியான வைத்தியம். தப்பு செஞ்சது நாங்க. அடுத்த தடவை இழுப்பு வந்தப்போ அதே சீட்டைக் கொண்டு போய் மருந்துக் கடையில காமிச்சோம். அதுக்கடுத்த தடவை சீட்டே தேவைப்படலை. "அந்த வெள்ளை மாத்திரை ஒரு அட்டை குடுங்கண்ணே" என்றால் போதும். வாங்கிட்டு வந்த ஆள் வேற யாரும் இல்லை, நான்தான். ஆறு வருஷம் வாங்கிக் கொடுத்திருக்கேன். டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்து அதுன்னு எனக்கு அப்போ தெரியாது.

2018 ஐப்பசி. பெரியப்பா மாடியில இருந்து விழலை, வண்டியில இருந்து விழலை. கட்டில்ல இருந்து எழுந்தவர், பாயில கால் தட்டி அப்படியே கீழ உக்காந்தார். இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. எக்ஸ்ரே எடுத்தா முதுகெலும்புலயும் ரெண்டு இடத்துல பழைய நசுங்கல். அவர் கூன் விழுந்தது வயசாயிட்டதாலன்னுதான் வீட்ல எல்லாரும் நெனச்சிட்டிருந்தோம்.

எலும்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா ஸ்டீராய்டு எடுக்கிறார்?" நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஸ்டீராய்டா? அது ஜிம்முக்குப் போற பசங்க எடுக்குறது இல்லையா? பெரியம்மா மெதுவா மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டினாங்க.

அதுக்கப்புறம்தான் நான் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல புரிஞ்சதைச் சொல்றேன்.

எலும்பு ஒரு தடவை கட்டி முடிச்ச சுவர் இல்லை. ஒரு பக்கம் பழசை இடிக்கிற செல்கள், இன்னொரு பக்கம் புதுசா கட்டுற செல்கள், ரெண்டு கோஷ்டியும் வாழ்நாள் பூரா வேலை செய்யுது. ஸ்டீராய்டு என்ன பண்ணுதுன்னா, கட்டுற கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிடுது. ஆரம்பத்துல இடிக்கிற ஆளுக்குக் கூடுதல் தெம்பும் கொடுக்குது. அதனால முதல் மூணு முதல் ஆறு மாசத்துலயே இழப்பு வேகமா நடக்குது. ஒரு வலியும் தெரியாது. முறிஞ்சாத்தான் தெரியும்.

இது நேத்து கண்டுபிடிச்ச சங்கதியும் இல்லை. உடம்பே அளவுக்கு மீறி இந்த ஹார்மோனைச் சுரந்தா எலும்பு பலவீனமாகும்ங்கிறது 1932-ல் ஹார்வி குஷிங் எழுதின கட்டுரையிலேயே தெரிஞ்சு போச்சு. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்ல ஃபிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலா கார்ட்டிசோன் கொடுத்தார். படுத்துக் கிடந்தவங்க எழுந்து நடந்தாங்க. 1950-ல் நோபல் பரிசும் வந்தது. அற்புத மருந்துதான், சந்தேகமே இல்லை. அதோட விலையையும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா? அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்போட 2022-ஆம் வருஷ வழிகாட்டி, தினம் 2.5 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ மூணு மாசத்துக்கு மேல எடுக்கிறவங்களுக்கு எலும்பு முறிவு அபாயம் எவ்வளவுன்னு பார்க்கணும்னு சொல்லுது. பெரியப்பா எடுத்தது 10. மூணு மாசம் இல்லை, ஆறு வருஷம்.

இதுல எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒண்ணு இருக்கு. டாக்டர் அவருக்கு இன்ஹேலரும் எழுதிக் கொடுத்திருந்தார். "பம்பு அடிச்சா பழகிடும், அது கடைசி வைத்தியம்"னு தெருவே சேர்ந்து பயமுறுத்தி அதைப் பரண்ல போட வெச்சாங்க. பம்புல வர்ற ஸ்டீராய்டு அளவு மைக்ரோகிராம்ல, அதுவும் நுரையீரலைக் குறிவெச்சு. மாத்திரை மில்லிகிராம்ல, மொத்த உடம்புக்கும். மைக்ரோவுக்குப் பயந்து மில்லியை முழுங்கினோம் நாங்க. அதோட முதுகெலும்பு நசுங்கிக் கூன் விழுந்தா நெஞ்சுக்கூட்டுல இடம் குறையும், மூச்சு இன்னும் முட்டும். மூச்சுக்காக எடுத்த மாத்திரை கடைசியில மூச்சுக்கே எமனாச்சு.

சரி, இது செராமிக் தூசுல வேலை பார்த்தவங்க கதை மட்டும்தானேன்னு நினைக்காதீங்க. நம்ம வீட்ல இருக்கிற நாள்பட்ட வியாதிகளை எண்ணிப் பாருங்க. சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு ஸ்கேன்ல எலும்பு அடர்த்தி நல்லாவே இருக்கிற மாதிரி காட்டும், ஆனாலும் முறிவு அதிகம். எலும்போட தரம் கெட்டுப் போறதை அந்த ஸ்கேன் முழுசா காட்டாது. கூடவே கண் மங்கல், கால் மரத்துப் போறதுன்னு விழுறதுக்கும் வாய்ப்பு ஜாஸ்தி. கிட்னி கெட்டா, வைட்டமின் டி-யை உடம்புக்குப் பயன்படுற வடிவத்துக்கு மாத்துற வேலை நின்னு போகுது, பாஸ்பரஸ் ஏறுது, பாராதைராய்டு சுரப்பி எலும்புல இருந்து கால்சியத்தை உருவுது. தைராய்டு மாத்திரை அளவு கூடிப் போனாலும் எலும்பு தேயும். முடக்குவாதத்துல நோயும் தின்னும், மருந்தும் தின்னும். வலிப்புக்குக் கொடுக்கிற சில பழைய மாத்திரைகளும் வைட்டமின் டி-யைக் குறைக்கும்.

என் ஆதங்கம் இதுதான். மூச்சு டாக்டர் மூச்சைப் பார்க்கிறார், சுகர் டாக்டர் சுகரைப் பார்க்கிறார், கிட்னி டாக்டர் கிரியேட்டினினைப் பார்க்கிறார். எலும்பு முறியுற அன்னிக்குத்தான் எலும்பு டாக்டர் வர்றார். நடுவுல இருக்கிற பத்து வருஷம் எலும்பை யாரு பாக்குறது?

"அரசாங்க ஆஸ்பத்திரியில இருக்கிற கூட்டத்துக்கு டாக்டர் எதைத்தான் பார்ப்பார்? டெக்ஸா ஸ்கேனுக்கு எங்க போறது?"ன்னு கேக்கலாம். நியாயம்தான். எங்களுக்கே பாண்டிச்சேரி போய்த்தான் எடுக்க முடிஞ்சது. ஆனா ஸ்கேன் இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வந்தது. வாசல் வரைக்கும் வந்து மாத்திரை கொடுக்க முடியும்னா, அதே ஆள் மூணு கேள்வி கேக்க முடியாதா? கடந்த ஒரு வருஷத்துல கீழ விழுந்தீங்களா? சின்ன அடிக்கே எலும்பு முறிஞ்சிருக்கா? வெள்ளை மாத்திரை மூணு மாசத்துக்கு மேல எடுக்கிறீங்களா? ஒரு நிமிஷ வேலை. பதில் ஆமான்னா டாக்டர்கிட்ட அனுப்பணும், அவ்வளவுதான். எங்க பெரியப்பாகிட்ட இந்த மூணாவது கேள்வியை ஆறு வருஷத்துல ஒரே ஒருத்தர் கேட்டிருந்தா போதும்.

அதுவரைக்கும் நாம செய்ய வேண்டியது சிலது. ஸ்டீராய்டு எடுக்கிறவங்க இதைப் படிச்ச பயத்துல தடால்னு நிறுத்திடாதீங்க! நீண்ட நாள் எடுத்தவங்க திடீர்னு நிறுத்தினா உடம்பு சொந்தமா சுரக்க முடியாம உயிருக்கே ஆபத்தாகும். டாக்டரைப் பார்த்துப் படிப்படியாத்தான் குறைக்கணும். "என் எலும்பு எப்படி இருக்கு?"ன்னு வாய் விட்டுக் கேளுங்க. வாரம் ஒரு மாத்திரை, வருஷம் ஒரு ஊசின்னு எலும்பைக் காக்கிற மருந்தெல்லாம் இருக்கு, யாருக்கு எதுன்னு அவங்க முடிவு பண்ணட்டும். கேழ்வரகு 100 கிராம்ல சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, பெரியவங்களுக்குத் தினம் 1000 தேவை. கூழ் நல்லதுதான், ஆனா கூழ் மட்டும் ஸ்டீராய்டை ஜெயிக்காது. கிட்னி நோயாளிங்க கால்சியம் மாத்திரையைத் தானா வாங்கிப் போடவே கூடாது.

பெரியப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது. வாக்கர் பிடிச்சு வாசத் திண்ணை வரைக்கும் வந்தார். அதைத் தாண்டி நடக்கவே இல்லை. பதினாலு மாசத்துல போயிட்டார். பெரியம்மா இன்னிக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாத்திரை வாங்கிக் கொடுத்த கை எதுன்னு எனக்குத் தெரியும்.

எங்க அம்மாவுக்கு சுகர், தைராய்டு ரெண்டும் உண்டு. வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது சமையல்கட்டுச் சுவர்ல ஒரு இடத்தை மட்டும் விட்டுடுவோம். பிள்ளைங்களை நிக்க வெச்சு உயரம் குறிப்போமே, அந்த மாதிரி அம்மாவை நிக்க வெச்சு பென்சில்ல ஒரு கோடு. இளவயசு உயரத்துல இருந்து நாலு சென்டிமீட்டர் குறைஞ்சா முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்றாங்க. "கெழவி வளர்றாளான்னு பாக்குறியாடா?"ன்னு அம்மா சிரிப்பாங்க. குறையாம இருந்தா சரிம்மா.

உங்க வீட்லயும் ஒரு பென்சில் இருக்கும். அந்த மாத்திரை டப்பாவையும் இன்னிக்கு ஒரு தடவை திறந்து பார்த்திடுங்க.