சாவித்திரியின் கேள்வி

பழைய படங்கள் யாவும் நல்ல படங்களே என்று வாதிப்போர் உளர். அந்த அபிப்பிராயம் நமக்குச் சம்மதமன்று. காலத்தின் பரீட்சையில் தேறியவை சிலவே. கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் 1939-இல் எடுத்த 'தியாகபூமி' அவற்றுள் ஒன்று.

பிரிட்டிஷ் சர்க்கார் அப்படத்தைத் தடை செய்தது. அந்தப் பெருமையினால்தான் அது நிலைத்தது என்று எண்ணுவது பிசகு. தடை விதித்தவர்கள் 1947-இல் மூட்டை கட்டிவிட்டார்கள். படம் எழுப்பிய கேள்வியோ இங்கேயே நிற்கிறது.

சாவித்திரியைத் துரத்திய கணவன், அவள் செல்வம் பெற்றபின், தன்னோடு வாழவேண்டுமென்று வழக்குத் தொடுக்கிறான். அவளோ கோர்ட்டிலே நின்று அவனோடு வாழ மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகக் கூறுகிறாள்.

சுதந்திர இந்தியா 1955-இல் இயற்றிய இந்து விவாகச் சட்டமும், அதன் 9-ஆவது பிரிவில், இத்தகைய வழக்குக்கு இடம் வைத்தது. 1984-இல் சுப்ரீம் கோர்ட்டு அப்பிரிவு செல்லுமென்று தீர்ப்பளித்தது. கணவன், மனைவி இருவருக்கும் அது பொது என்பது மெய்யே. ஆயினும், மனம் ஒப்பாத ஒருவரைக் கோர்ட்டு உத்தரவினால் இல்லறத்துக்கு இழுப்பது நியாயமாகுமா? அந்நியரின் அதிகாரத்தை மறுத்த தேசம் இதற்கு விடை கூறும்வரை 'தியாகபூமி' பழைய படமாகாது.