பூஜ்யத்தில் முடிந்த இறுதிப் போட்டி

2021 ஆகஸ்ட் 6. தோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் ஒலிம்பிக் பெண்கள் கராத்தே, 61 கிலோ பிரிவு இறுதிப் போட்டி. சீனாவின் யின் ஷியாவ்யானும் செர்பியாவின் யோவனா ப்ரெகோவிச்சும் மூன்று நிமிடம் மோதினார்கள். ஒரு புள்ளிகூட விழவில்லை. நடுவர் தீர்ப்பில் தங்கம் ப்ரெகோவிச்சுக்குப் போனது, யின்னுக்கு வெள்ளி. புள்ளியே எடுக்காதவர் எப்படி ஜெயித்தார் என்று கேட்பது நியாயம்தான்.

கராத்தேயில் அடி பட்டால் மட்டும் புள்ளி கிடைக்காது. குத்துக்கு ஒன்று, உடம்பில் விழும் உதைக்கு இரண்டு, தலைக்கு உதைத்தால் மூன்று. ஆனால் நேரம், தூரம், நிலை, கட்டுப்பாடு எல்லாம் ஒருசேர அமைய வேண்டும். அடி பலமாகப் பட்டுவிட்டால் அதுவே குற்றம். மறுநாள் ஆண்கள் கனப் பிரிவு இறுதியில் முன்னிலையில் இருந்த சவூதி வீரர் தாரெக் ஹமெதி, எதிராளியைத் தலையில் உதைத்து மயங்க வைத்ததால் தகுதி இழந்தார்.

இதோடு ‘சென்ஷு’ விதியும் சேர்கிறது. புள்ளிகள் சமமானால், முதலில் தனித்துப் புள்ளி எடுத்தவருக்கே வெற்றி. ஆகவே முதல் புள்ளியை விட்டுக்கொடுப்பது இரட்டை நஷ்டம். முந்திப் பாய்பவர் எதிரடிக்கு உடம்பைத் திறந்து காட்டுகிறார். அதிலும் இவர்கள் இருவரும் பழைய எதிரிகள். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற யின், அதே ஆண்டு மாட்ரிட் உலகப் போட்டியின் இறுதியில் இதே ப்ரெகோவிச்சிடம்தான் தோற்றார். ஒருவர் ஆட்டம் மற்றவருக்கு மனப்பாடம். அந்தப் பூஜ்யத்தைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிராளிக்கு ஓர் இடுக்குகூடக் கொடுக்காத காவல் அது.

யாருக்கும் புள்ளி இல்லையென்றால் சென்ஷுவும் இல்லை. அப்போது மைய நடுவரும் நான்கு மூலை நடுவர்களும் ஆளுக்கொரு வாக்குப் போடுவார்கள். இதற்கு ஹான்தேய் என்று பெயர். யாருடைய போர்க்குணம் ஓங்கியிருந்தது, யாருடைய உத்தி மேல், யார் அதிகம் முன்னெடுத்தார் என்று பார்ப்பார்கள். விதி அவர்களுக்குக் கொடுத்த வேலையையே செய்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

குறை விதியில் இருக்கிறது. ஒரு வாரம் முன்புவரை அதே புடோகானில் ஜூடோ நடந்தது. அங்கே சமநிலை வந்தால் கால வரம்பின்றி ஆட்டம் தொடரும், வாக்குக்கு இடமில்லை. கராத்தேயிலும், நேரத்துக்கு ஒரு வரம்பு வைத்தாவது, முதல் புள்ளி விழும்வரை ஆடவிட்டிருக்கலாம். இனி விதி திருந்தினாலும், அந்த ஒலிம்பிக் இறுதியை இன்னொரு முறை ஆட யின்னுக்கு மேடை இல்லை. பாரிஸ் 2024-இல் கராத்தே சேர்க்கப்படவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 பட்டியலிலும் அது இல்லை.